மனத்துக்கும் மீட்சி எல்லை உண்டா?

தேர்வு நெருங்கும் மாதங்களில் பள்ளி வளாகத்தில் அடிக்கடி காதில் விழும் சொற்களைக் கவனித்திருக்கிறீர்களா? "ஒரே டென்ஷனா இருக்குடா" என்பான் ஒருவன். "ஸ்ட்ரெஸ் தாங்கல" என்பாள் இன்னொருத்தி. செய்தித்தாளைத் திறந்தால் 'மாணவர்களின் மன அழுத்தம்' என்று தலைப்பு இருக்கும்.

இந்த மூன்று சொற்களும் உங்கள் இயற்பியல் பாடநூலிலும் இருக்கின்றன. டென்ஷன் என்றால் இழுவிசை. ஸ்ட்ரெஸ் என்றால் தகைவு. அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பின் மீது செங்குத்தாகச் செயல்படும் விசை. மனத்தைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு இயற்பியல் ஆய்வுக்கூடத்துச் சொற்கள் ஏன் தேவைப்பட்டன? அந்த ஒப்புமை எவ்வளவு தூரம் பொருந்துகிறது? எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது? இவற்றைத் தெரிந்துகொண்டால் தேர்வுக் காலத்தில் நம் மனத்தை நாமே பேணிக்கொள்ளச் சில வழிகள் புலப்படும்.

கம்பி சொல்லும் பாடம்

2 மீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் விட்டமும் உள்ள ஓர் எஃகுக் கம்பியை எடுத்துக்கொள்வோம். மேல்முனையை உத்தரத்தில் இறுகப் பொருத்தி, கீழ்முனையில் 2 கிலோகிராம் எடையைத் தொங்கவிடுவோம். எடையின் விசை ஏறக்குறைய 20 நியூட்டன். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 0.2 சதுர மில்லிமீட்டர். விசையைப் பரப்பால் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் என்று வருகிறது. இதுவே தகைவு.

இப்போது கம்பி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்தால் சுமார் 1 மில்லிமீட்டர் இருக்கும். 2000 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் நீட்சி. இந்த விகிதமே திரிபு. சுமையைக் கூட்டக் கூட்ட, ஓர் எல்லை வரை, நீட்சியும் அதே விகிதத்தில் கூடுகிறது என்பதை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். எடையை எடுத்துவிட்டால் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். எடையை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டாலோ, பிறகு எடுத்தாலும் கம்பி முழுவதுமாகத் திரும்பாது. அந்த எல்லைக்குத்தான் மீட்சி எல்லை என்று பெயர்.

இதில் இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, தகைவு வேறு, திரிபு வேறு. முன்னது சுமையைப் பொறுத்தது. பின்னது அந்தச் சுமையால் பொருளில் ஏற்படும் மாற்றம். இரண்டாவது, ஒரே சுமை எல்லாக் கம்பிகளையும் ஒரே அளவு நீட்டுவதில்லை. அதே அளவுள்ள செப்புக் கம்பியாக இருந்தால் எஃகைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் நீளும். அதற்காகச் செம்பைக் கோழை என்று யாராவது ஏசுகிறோமா? ஒரே வினாத்தாள், ஒரே மண்டபம். ஒருவன் அமைதியாக எழுதுகிறான், இன்னொருவனுக்குக் கை நடுங்குகிறது. "மனவுறுதி இல்லாதவன்" என்று நடுங்குபவனை எடைபோடுவது, செம்பை ஏசுவதைப் போன்றதே.

பூனையின் வயிற்றில் பயம்

பரீட்சை நாள் காலையில் இட்லி தொண்டையில் இறங்க மறுக்கிறது; வயிறு கல்லைப்போல் கிடக்கிறது. இதன் காரணத்தைத் தேட ஒரு வகையில் இயற்பியல்தான் உதவிற்று. 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே, அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் வால்ட்டர் கேனன் என்ற இளைஞர், எக்ஸ் கதிரில் நிழலாகத் தெரியும் பிஸ்மத் உப்பை உணவில் கலந்து பூனைகளுக்குக் கொடுத்து, அவற்றின் இரைப்பை அசைவதைத் திரையில் பார்த்தார். இரைப்பை அலையலையாகச் சுருங்கி உணவைக் கடைவது தெரிந்தது. பூனை மிரண்டாலோ சினந்தாலோ அந்த அலைகள் சட்டென்று நின்றன. தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தினால் மீண்டும் தொடங்கின.

கேனன் இதை விடவில்லை. பயத்தின்போதும் சினத்தின்போதும் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன என்பதை ஆராய்ந்து, 1915இல் ஒரு நூலாக வெளியிட்டார். நாய் துரத்தும்போது நம் உடலில் என்ன நடக்கிறது? இதயம் வேகமாக அடிக்கிறது. ஈரல் தன்னிடமுள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. தோலுக்கும் இரைப்பைக்கும் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஒரு நொடியில் ஆயத்தமாகிவிடுகிறது.

வினாத்தாள் நம்மைத் துரத்துவதில்லை. ஆனால் உடலுக்கு நாய்க்கு ஓர் ஏற்பாடு, வினாத்தாளுக்கு ஓர் ஏற்பாடு என்று இரண்டு கிடையாது. இருப்பது ஒன்றுதான். ஆகவே தேர்வு மண்டப வாசலில் உள்ளங்கை சில்லிட்டு நெஞ்சு படபடத்தால், "எனக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று அஞ்ச வேண்டியதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக விலங்குகளைக் காத்துவந்த ஏற்பாடு உங்களிடமும் ஒழுங்காக வேலை செய்கிறது என்றே பொருள். பெரும்பாலோருக்கு முதல் சில கேள்விகளை எழுதியதும் அது தானே அடங்கிவிடும்.

செல்யேயின் எலிகள்

'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை உடலியலில் பரவலாக்கியவர் ஹான்ஸ் செல்யே. கனடாவில் மான்ட்ரியால் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த இவர், ஒரு விந்தையைக் கவனித்தார். எலியைக் கடுங்குளிரில் வைத்தாலும், அளவுமீறி ஓடவைத்தாலும், கேடு விளைவிக்கும் பொருளை ஊசியால் ஏற்றினாலும் உடலில் ஒரே மாதிரியான மாற்றங்கள் தோன்றின. அட்ரினல் சுரப்பி பெருத்தது. நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்கியது. இரைப்பையில் புண்கள் உண்டாயின. 1936இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதமாக இதை வெளியிட்டார். முதலில் எச்சரிக்கை, அடுத்து எதிர்ப்பு, சுமை நீங்காமலே இருந்தால் இறுதியில் களைப்பு என்று மூன்று படிகளை வகுத்தார்.

பின்னாளில் இதற்கு 'ஸ்ட்ரெஸ்' என்ற பெயர் நிலைத்தது. ஆனால் அவர் விவரித்தது உடலில் ஏற்படும் மாற்றத்தையல்லவா? பொறியியலார் கணக்கில் அது திரிபு, தகைவு அன்று. தமக்கு ஆங்கிலம் இன்னும் நன்றாக வந்திருந்தால் 'ஸ்ட்ரெயின்' என்றே பெயரிட்டிருப்பேன் என்று அவரே பிற்காலத்தில் சொன்னதாகக் கூறுவர்.

தமிழிலும் ஒரு சொற்குழப்பம் உண்டு. அன்றாட நெருக்கடியையும் 'மன அழுத்தம்' என்கிறோம். சிகிச்சை தேவைப்படும் நோயாகிய மனச்சோர்வையும் அதே பெயரால் அழைக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. தேர்வுக்கு முந்தைய நாள் நெஞ்சு படபடப்பது முதல் வகை. தேர்வு முடிந்து வாரக்கணக்கில் ஆகியும் எதிலும் நாட்டமின்றிக் கிடப்பது இரண்டாவதாக இருக்கலாம். சுமையை எடுத்த பிறகும் கம்பி திரும்புகிறதா என்று பார்ப்பதைப் போன்றதே இந்த வேறுபாடு.

சுமையே இல்லாவிட்டால்?

கம்பிச் சோதனை செய்யும்போது அளவீடுகளைத் தொடங்குமுன் ஒரு சிறு எடையைக் கம்பியில் நிரந்தரமாகத் தொங்கவிடுவோம். ஏன் தெரியுமா? சுமையே இல்லாத கம்பி நெளிவுகளோடு தொங்கும்; அளவீடு சரியாக வராது. அதை நேராக நிறுத்த ஓரளவு இழுவிசை வேண்டும்.

மனத்துக்கும் இது பொருந்தும். 1908இல் யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்கு மெல்லிய மின் அதிர்ச்சி கொடுத்து, சரியான வழியைத் தேர்ந்தெடுக்கப் பழக்கினார்கள். எளிய வேலையாக இருந்தால் அதிர்ச்சி கூடக்கூட எலிகள் விரைவில் கற்றன. கடினமான வேலையில் அப்படியில்லை. அதிர்ச்சி மிகக் குறைந்தாலும் மிகுந்தாலும் தடுமாறின. நடுத்தர அளவில்தான் நன்றாகக் கற்றன. தேர்வைப் பற்றிய ஓரளவு கவலை புத்தகத்தைத் திறக்க வைக்கும். கவலை அளவு மீறினால், திறந்த பக்கத்தில் ஒரு வரியும் ஏறாது.

ரயில் அச்சு ஏன் ஒடிந்தது?

1842 மே மாதத்தில் பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு ஒடிந்து பெரும் விபத்து நேர்ந்தது. தாங்கும் வலிமை இருந்த அச்சுகள் ஏன் ஒடிகின்றன என்பது பொறியியலாருக்குப் பெரும் புதிராக இருந்தது. பின்னர் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பல ஆண்டுகள் சோதித்து விடை கண்டார். ஒரே தடவை ஏற்றினால் எளிதாகத் தாங்கக்கூடிய சுமையே, லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் உலோகத்தில் நுண்ணிய விரிசலை உண்டாக்கி வளர்த்துவிடுகிறது. இதை உலோகக் களைப்பு என்கிறோம். ஒரு ஜெம் கிளிப்பை முன்னும் பின்னும் பலமுறை வளைத்துப் பாருங்கள். விசையைக் கூட்டாமலேயே முறிந்துவிடும்.

பெரிய இடி விழுந்தால்தான் மனம் நோகும் என்பதில்லை. காலை நான்கு மணிக்கு எழுப்பல், பள்ளி, தனிவகுப்பு, "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?" என்ற கேள்வி, நள்ளிரவு வரை படிப்பு, இடையில் கைபேசி, ஒவ்வொன்றும் சிறு சுமைதான். ஓய்வில்லாமல் நாள்தோறும் திரும்பத் திரும்ப ஏறுவதால்தான் களைப்பு உண்டாகிறது.

ஆனால் உலோக ஒப்புமை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அச்சில் விழுந்த விரிசல் தானாக மூடாது. உயிருள்ள உடலோ தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். நெடுநாள் டென்னிஸ் ஆடுபவர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கை எலும்பைவிடத் தடித்திருக்கும். சுமை ஏறியதால் எலும்பு தேயவில்லை; வலுத்திருக்கிறது! ஆனால் அந்தச் செப்பனிடும் வேலைக்கு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிகளில் தலையாயது உறக்கம். 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது உறக்க மருத்துவர்களின் கருத்து. பகலில் படித்தவை நினைவில் பதிவதும் உறக்கத்தில்தான். ஆகவே தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் விழித்திருப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பானது.

நீங்களே செய்து பாருங்கள்

சோதனை 1: மணிக்கட்டில் நாடியை 15 விநாடிகள் எண்ணி 4ஆல் பெருக்குங்கள். பிறகு ஒரு நிமிடம் ஒரே இடத்தில் நின்று ஓடுங்கள். உடனே நாடியை எண்ணுங்கள். ஒவ்வொரு நிமிடமும் மீண்டும் எண்ணிப் பழைய அளவுக்கு வரும் வரை குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தைக் கிடை அச்சிலும் நாடித்துடிப்பைக் குத்தச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள். உங்கள் உடலின் மீட்சிப் பண்பு படமாகக் கண்முன் நிற்கும். (ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.)

சோதனை 2: ஒரு சிறு கல்லை நூலில் கட்டி, தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் மையம் வரை 1 மீட்டர் இருக்குமாறு தொங்கவிட்டு ஆட்டுங்கள். இந்தத் தனி ஊசலின் அலைவு நேரம் 2 விநாடிகள். ஊசல் இரண்டு முழு அலைவுகள் ஆடும் வரை மூச்சை மெதுவாக உள்ளிழுங்கள். அடுத்த மூன்று அலைவுகளில் மெதுவாக வெளிவிடுங்கள். ஒரு மூச்சுக்கு 10 விநாடி; நிமிடத்துக்கு 6 மூச்சுகள். இப்படி ஐந்து நிமிடங்கள் செய்யுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

இதைச் செய்யும்போதே மணிக்கட்டில் விரலை வைத்திருங்கள். மூச்சை இழுக்கையில் நாடி சற்று விரைவதையும், விடுகையில் சற்றுத் தளர்வதையும் உணரலாம். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்துக்குத் தடைக்கட்டை போன்றது. மூச்சை வெளிவிடும்போது அந்தத் தடை இறுகுகிறது. "படபடக்காதே" என்று இதயத்துக்கு நேரடியாகக் கட்டளையிட நம்மால் முடியாது. ஆனால் மூச்சு நம் வசத்தில் இருக்கிறது. அதன் வழியாக இதயத்தைத் தொட முடிகிறது! தேர்வு மண்டபத்தில் ஊசல் இருக்காது. வீட்டில் பழகிவிட்டால் கணக்கு மனத்தில் நின்றுவிடும்.

பரப்பைக் கூட்டுங்கள்

தகைவின் சூத்திரத்தை மறுபடி பாருங்கள். விசை மேலே, பரப்பு கீழே. தகைவைக் குறைக்க இரண்டு வழிகள் உள்ளன. விசையைக் குறைக்கலாம், அல்லது பரப்பைக் கூட்டலாம். 2 கிலோகிராம் எடையை ஒரே மாதிரியான இரண்டு கம்பிகளில் சேர்த்துத் தொங்கவிட்டால் ஒவ்வொன்றின் தகைவும் பாதியாகிவிடும். சுமை அப்படியே இருந்தும் திரிபு பாதியாகிறது.

கணக்குத் தேர்வைத் தள்ளிவைக்க உங்களால் முடியாது. அதாவது விசை உங்கள் கையில் இல்லை. ஆனால் "அம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்று ஒரு வரி சொல்ல முடியும். அம்மா, அப்பா, அக்கா, தாத்தா, நம்பிக்கைக்குரிய ஆசிரியர், நண்பன் என்று யாரிடம் சொன்னாலும் இன்னொரு கம்பி சேர்கிறது. கம்பியால் "இனித் தாங்காது" என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. முறியும்போதுதான் சத்தம் கேட்கும். நமக்கோ வாய் இருக்கிறது. மனத்துக்கும் கம்பிக்கும் உள்ள மிகப் பெரிய வேற்றுமை இதுதான். அதைப் பயன்படுத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது வீரமாகாது.

உங்களிடம் ஒரு நண்பன் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? "இதெல்லாம் ஒரு விஷயமாடா?" என்று சிரித்துத் தள்ளாதீர்கள். உடனே அறிவுரையும் சொல்ல வேண்டாம். முழுவதும் கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால், "யாரிடமும் சொல்லாதே" என்று அவன் கெஞ்சினாலும் அந்த இரகசியத்தைக் காக்காதீர்கள். அவனைத் தனியே விடாமல் இருந்து, பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள்.

எப்போது மருத்துவரிடம் செல்வது?

காய்ச்சல் நான்கு நாள் நீடித்தால் மருத்துவரிடம் போகிறோம். மனத்துக்கும் அதே நியாயம்தான். காரணமில்லாத துயரம், விளையாட்டு உட்பட எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், எதையும் ஊன்றிப் படிக்க முடியாமை, "நான் எதற்கும் உதவாதவன்" என்ற ஓயாத எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் உதவி தேட வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, அப்போதே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும்.

2022 அக்டோபரில் மத்திய அரசு 'டெலிமானஸ்' என்ற தொலைபேசி உதவியைத் தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. இந்த எண்களை உங்கள் நோட்டின் உள்ளட்டையில் எழுதிவையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்தில் அமர்ந்திருப்பவனுக்குத் தேவைப்படலாம்.

கடைசியாக ஒன்று. ஒரு தேர்வில் தோற்றால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம்தான் பலரை மீட்சி எல்லைக்கு அப்பால் தள்ளுகிறது. உண்மை என்ன? பொதுத் தேர்வில் ஒரு பாடத்தில் தவறியவர்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் மேற்படிப்புக்குச் செல்ல வழி இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீடு பிழையாகிவிட்டால் கருவியை உடைக்கிறோமா? எடையை இறக்கிவிட்டு, கம்பி நிலைக்கு வரும் வரை சற்றுப் பொறுத்து, மறுபடி அளக்கிறோம். அவ்வளவுதான்!

சிந்தித்து விடை காணுங்கள்

1. தேர்வு நாளில் தகைவு எது, திரிபு எது? இரண்டையும் தனித்தனியே பட்டியலிடுக.
2. பயத்தின்போது உள்ளங்கை ஏன் சில்லிடுகிறது?
3. நிமிடத்துக்கு 6 மூச்சுக்குப் பதிலாக 5 மூச்சு விட வேண்டுமானால், 1 மீட்டர் ஊசலின் எத்தனை அலைவுகளை ஒரு மூச்சுக்குக் கொள்ள வேண்டும்?
4. உங்கள் சுமை கூடும் நாளில் 'இரண்டாவது கம்பி'யாக நிற்கக்கூடியவர்கள் யார் யார்? மூன்று பெயர்களையாவது எழுதுக. (இதற்கான விடை உங்களிடமே இருக்கட்டும்.)